தூருக்குக் கீழே

அந்த உண்ணிச்செடியை வேலிக்கு வைத்தவரே வெட்டுக்கிளிதான். ஊர் வேலிகளைக் கத்தரித்துப் பிழைப்பவருக்கு ஊர் வைத்த பெயர் அது. மூக்குக்கு மேல் கோபம் வரும் ஆள். அண்ணனோடு கைகலப்பான மறுநாள், அவர் முகத்திலேயே விழிக்கக் கூடாதென்று இரண்டு வாசலுக்கும் நடுவே குச்சிகளை நட்டார். சதுரத் தண்டு, கொக்கி முள், கசக்கினால் நெடியடிக்கும் இலை, ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஜாநிறமுமாகப் பூ. தொழில் புத்தியில் தலையைக் கழித்துக்கொண்டே இருந்தார். கழிக்கக் கழிக்க அந்தச் சனியன் கொழுத்தது.

புல் காய்ந்த கோடையில் அண்ணனின் பசு அதைத் தின்றுவிட்டது. மூக்குத் தோல் உரிந்து, கண் மஞ்சளித்து, துடித்துச் செத்தது. அண்ணன் அரிவாளோடு வந்தார். தடுத்த இடது கையில் தம்பிக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின.

இப்போது புருஷனை இழந்த மகள் ஒரு சினைப்பசுவோடு வீடு வந்திருக்கிறாள். அவள் பிழைப்பே அந்த மாடுதான். வெட்டுக்கிளி கடப்பாரையை எடுத்தார். தூருக்குக் கீழே வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகப் போட்டால்தான் சாகும். பட்டபிறகு வந்த புத்தி. முழங்கை வரை முள் கிழித்தது.

அண்ணன் பக்கத்துத் தூர்கள்தான் மிச்சம். அவர் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"என் மாடு செத்தப்போ நல்லாத்தானே பூத்துச்சு. இன்னும் பூக்கட்டும்."

வெட்டுக்கிளி பாய்ந்து ஒரு தூரைப் பற்றினார். குடம் உடைந்தது. அண்ணன் கட்டையால் முதுகில் விளாசினார். இவர் தூரை விடாமல் காலால் உதைத்ததில் அண்ணனின் உதடு கிழிந்தது.

மகள் பசுவை அவிழ்த்து வந்து, கயிற்றைப் பெரியப்பா கையில் திணித்தாள்.

"இதையும் உங்க செடியிலயே கட்டுங்க பெரியப்பா. தின்னு சாகட்டும். ரெண்டு பேருக்கும் மனசு ஆறும்."

பசு இலைப்பக்கம் கழுத்தை நீட்டியது. அண்ணன் அதன் முகத்தில் ஓங்கி அறைந்தார். அது மிரண்டு பின்வாங்கியது. கயிற்றை அவளிடமே எறிந்துவிட்டு, கடப்பாரையைப் பிடுங்கித் தூரில் இறக்கினார்.

"இன்னும் கீழ குத்து," என்றார் தம்பி.

"தெரியும், வாய மூடு."

பொழுது சாய்வதற்குள் வேலி போய்விட்டது. மறைப்பில்லாத வாசலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து முள் பிடுங்கினார்கள். வலது கையில் ஏறிய முள்ளை எடுக்கத் தம்பிக்கு இடது கையில் அந்த இரண்டு விரல் இல்லை. அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அந்த வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.