அத்தை கையால் ஒரு வாய்

வறுத்த வேர்க்கடலையின் வாசனை காற்றில் வந்தால், என் மூக்குக்கு முன்பே அம்மாவின் மூக்கு அதைப் பிடித்துவிடும். பேசிக்கொண்டே நடப்பவள் பாதி வார்த்தையில் நிறுத்துவாள், என் மணிக்கட்டில் அவள் பிடி இறுகும், அடுத்த நிமிடம் நாங்கள் சாலையின் எதிர்ப்பக்கத்தில் நடந்துகொண்டிருப்போம். சூடான, லேசாக இனிக்கிற, எண்ணெய்ப் பசை கொண்ட அந்த வாசனை மற்ற பிள்ளைகளுக்கு நாக்கில் எச்சில் ஊறவைக்கும். எனக்கோ அங்கிருந்து ஓடத் தோன்றும். இத்தனை வயதான பிறகும் அப்படித்தான்.

வேர்க்கடலை என் உடம்புக்கு ஆகாது, ஒரு துணுக்கு உள்ளே போனாலும் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு நின்றுவிடும். விவரம் தெரியாத வயதில் யாரோ ஆசையாகக் கொடுத்த பிஸ்கட்டில் அது வெளிப்பட்டதாம், அன்றைக்கு நான் பிழைத்ததே பெரிய காரியம் என்று அம்மா சொல்வாள். 'அலர்ஜி' என்று அதற்குப் பெயர் இருந்தாலும் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'அது' என்போம். உறவுக்காரர்களிடம் மட்டும் அம்மா 'ஒத்துக்காது' என்பாள், வம்பு அங்கேதான். ஒத்துக்காது என்றால் நம் ஆட்களுக்கு உடனே தங்கள் கத்திரிக்காய்தான் ஞாபகம் வரும். எனக்குக்கூடத்தான் கத்திரிக்காய் ஒத்துக்காது, அரிக்கும், அதற்காகச் சாப்பிடாமலா இருக்கிறேன் என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வீடு சிங்கப்பூரின் மேற்கே சுவா சூ காங்கில் இருந்தது. தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான் மூவரும் ரயிலேறி, டோபி காட்டில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்குவோம். வீட்டுக் கதவைப் பூட்டும் முன் அப்பா "பேனாவ எடுத்தாச்சா?" என்று கேட்பார். பேனா என்றால் எழுதுகிற பேனா அல்ல. 'அது' வந்தால் தொடையில் குத்த வேண்டிய மருந்து ஊசி. பார்க்கப் பருத்த பேனாவைப் போல இருந்ததால் எங்கள் வீட்டில் அந்தப் பெயர். சாவிக்கொத்தை மறந்துவிட்டு எத்தனையோ தடவை வெளியே நின்றிருக்கிறோம், பேனாவை ஒரு நாளும் மறந்ததில்லை.

மற்ற குடும்பங்கள் லிட்டில் இந்தியாவுக்குப் போவதே சாப்பிடத்தான். எங்களுக்குப் புடவை வாங்குவது, பூ வாங்குவது, கூட்டத்தில் நசுங்குவது எல்லாம் சுலபம். பசிக்க ஆரம்பித்ததும்தான் பயம் ஆரம்பிக்கும். உணவகத்துக்குள் நுழைந்தால் அம்மா உட்காரமாட்டாள். நேராக அடுப்படி வாசலுக்குப் போய், 'மாஸ்டர்' என்று எல்லோரும் அழைக்கும் சமையல்காரரைக் கூப்பிட்டு, சட்னியில் என்ன சேர்க்கிறீர்கள், எந்த எண்ணெய், குருமாவைக் கெட்டியாக்க எதை அரைத்து ஊற்றுகிறீர்கள், வேர்க்கடலை அரைத்த மிக்ஸியில் வேறு எதையும் அரைத்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். அப்பா கூச்சத்தில், சுவரில் எழுதியிருக்கும் விலைப்பட்டியலைப் பரீட்சைக்குப் படிப்பவர்போலப் படித்துக்கொண்டு நிற்பார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் மாஸ்டர் சொல்லிவிட்டால் போச்சு, அந்தக் கடை வேண்டாம். முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற மாஸ்டர் கிடைக்கும்வரை நாங்கள் பசியோடு தெருத்தெருவாக நடப்போம்.

எனக்கு எட்டோ ஒன்பதோ இருக்கும்போது வந்த தீபாவளிக்கு, பாசிர் ரிஸ்ஸில் இருந்த அத்தையும் எங்களோடு சேர்ந்துகொள்வதாகச் சொன்னார். அப்பாவின் ஒரே அக்கா. சொந்தப் பிள்ளைகள் கிடையாது. பெரிய உடம்பு, பெரிய குரல், பெரிய மனசு. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் தன் சோற்றைப் பிசைந்து, முதல் உருண்டையைப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் வாயில் வைப்பார்; பிள்ளை இல்லாவிட்டால் நாற்பதைத் தாண்டிய என் அப்பாவின் வாயில். அதை அவர் ஊட்டுவது என்று சொல்லமாட்டார், 'அத்தை கையால ஒரு வாய்' என்பார். எங்கள் வீட்டுச் சமையலில் பயமில்லை என்பதால் எனக்கும் அது நிறையக் கிடைத்திருக்கிறது. ஒரே பானைச் சோறு, ஒரே குழம்பு, ஆனாலும் அவர் பிசைந்தால் அந்த ருசியே வேறு. அத்தை வருகிறார் என்றால் மதியம் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு காத்திருப்பேன்.

அந்த வருடம் சாப்பாடு தன் செலவு, எல்லோருக்கும் வாழையிலைச் சாப்பாடு என்று அத்தை சொல்லிவிட்டார். ரயிலில் வரும்போதே அம்மாவின் முகம் சரியில்லை. இன்னொருவர் கூட்டிப்போய் வாங்கிக்கொடுக்கும் இடத்தில் அடுப்படி வாசலில் போய் நிற்பது எப்படி என்று மெதுவாக அப்பாவைக் கேட்டாள். கேட்டுக்கொள், ஆனால் அக்கா மனசு கஷ்டப்படும்படி எதையும் செய்துவிடாதே என்றார் அப்பா. வெளியே வானம் பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. மழை பெய்து தொலைத்தாலாவது தேவலை, பெய்யவும் இல்லை. காற்று அசையாமல் அப்படியே நின்றது.

ரயில் நிலைய வாசலில் காத்திருந்த அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அப்போது அம்மா சட்டென்று நின்று மூக்கை உறிஞ்சினாள், சுற்றுமுற்றும் பார்த்தாள். கடலை வண்டி, இங்கே சொல்வதுபோல் கச்சாங் வண்டி, எதுவும் கண்ணில் படவில்லை. மறுபடியும் ஒருமுறை பார்த்தாள். பிறகு பெரிய கூட்டம் ஒன்று எங்களை நெட்டித் தள்ளவே, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

உணவகத்தில் எள் போட இடமில்லை. கை கழுவும் குழாய் முன்னால் நீண்ட வரிசை. சிங்கப்பூரில் மேசையை விட்டு எழுந்தால் மேசை போய்விடும்; 'நீங்க போய்க் கழுவிட்டு வாங்க, நான் இடத்தப் பிடிச்சுக்கிறேன்' என்று அத்தை இடம் பிடித்ததற்கு அடையாளமாக டிஷ்யூ பாக்கெட்டை மேசை நடுவில் வைத்து உட்கார்ந்துகொண்டார். நாங்கள் போனோம். அம்மா எனக்கு இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். திரும்பி வரும்போது இலைகள் விழுந்திருந்தன. அத்தை டம்ளர் தண்ணீரை இலையில் தெளித்து, அந்தத் தண்ணீரிலேயே விரல் நுனிகளையும் நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நம்மில் எல்லோரும் செய்வதுதான், யாரும் கவனிக்கவில்லை.

அம்மா கூச்சத்தை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். நல்ல மாஸ்டர் அவர். எண்ணெய் டின்னைத் தூக்கி வந்தே காட்டினாராம், வேர்க்கடலை என்ற பொருளே தன் அடுப்படிக்குள் வராது என்றாராம். அம்மா திரும்பி வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. வெளியிடத்தில் அவளை அப்படிப் பார்ப்பது அபூர்வம்.

எனக்கு மட்டும் பயம் விடவில்லை. வெள்ளைச் சோற்றில் தயிரை ஊற்றிக்கொண்டு, இலையில் இருந்த மற்ற எதையும் தொடாமல் சாப்பிட்டேன். அத்தை அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன பாப்பா, பத்தியச் சாப்பாடு மாதிரி?"

"அவளுக்கு அது போதும் அண்ணி," என்றாள் அம்மா.

"நீதான் உள்ள போய்க் கேட்டுட்டு வந்துட்டியே சாந்தி, இன்னும் என்ன பயம்? நாள் பூரா நடக்கணும் லா, பிள்ளை வாடிப் போயிடும். இந்தா, அத்தை கையால ஒரு வாய்."

சாம்பாரும் நெய்யும் விட்டு, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, நன்றாகப் பிசைந்து உருட்டிய உருண்டை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் இருந்த பாத்திரங்களையெல்லாம் கேட்டுவிட்டு வந்தவளுக்கு, இந்தக் கையும் ஒரு பாத்திரம்தான் என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தால்தான் என்ன, நாத்தனார் ஆசையாக நீட்டும் கையைப் பார்த்து, கழுவிவிட்டு வாருங்கள் என்று எந்தத் தமிழ்ப் பெண்ணால் சொல்ல முடியும்? அம்மா தலையை அசைத்தாள். நான் வாயைத் திறந்தேன்.

அவ்வளவு ருசியாக இருந்தது. அடுத்த உருண்டைக்கு நானே வாயைத் திறந்தேன்.

பிறகு காதுக்குள் அரிக்க ஆரம்பித்தது. விரல் எட்டாத ஆழத்தில், எறும்பு ஊர்வது போல. உதடு தடித்தது. "அம்மா, காது அரிக்குது" என்றேன், அந்தக் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது. அம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பாவாடையோடு சேர்த்து என் தொடையில் குத்தி அழுத்திப் பிடித்தாள். அப்பா ஆம்புலன்ஸை அழைத்துக்கொண்டே சாலைக்கு ஓடினார். "எல்லாரும் சாப்பிட்டதுதானே? நான் என்ன குடுத்தேன்? நான் என்ன குடுத்தேன்?" என்று அத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது மழை கொட்டியது, மழையினூடே சைரன் சத்தம் கேட்டது, ஆனால் வண்டி வருகிற மாதிரியே இல்லை. பண்டிகைக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. செத்துப்போவேன் என்று நான் நினைத்தேன். அந்த வயதில் அது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது.

பிழைத்துக்கொண்டேன். மருத்துவமனையில் இன்னொரு ஊசி போட்டு, மூச்சு சீரான பிறகு, டாக்டர் அம்மாவைக் கேள்வி கேட்டார். அம்மா மாஸ்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தாள். சரி, பிள்ளை தானாகச் சாப்பிட்டாளா, யாராவது ஊட்டினார்களா என்று அவர் கேட்டதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். திரைச்சீலை ஓரமாக அத்தை நின்றிருந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவந்தவர். வலது கையில் சோறு அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தக் கை அதற்கு முன் எதைத் தொட்டது என்று டாக்டர் கேட்டார். அத்தை தன் கையைப் பார்த்தார்.

"ஸ்டேஷன் வாசல்ல நின்னப்போ பசிச்சுச்சு, ஒரு வண்டியில கச்சாங் வாங்கினேன்," என்றார். "பிள்ளை முன்னாடி சாப்பிடக் கூடாதுன்னுதான், நீங்க வர்றதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சு, பொட்டலத் தாளக் குப்பையில போட்டேன்."

அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பிப் போர்வையை இழுத்துவிட்டாள். கத்தியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கத்தியிருந்தால் அத்தையும் பதிலுக்குக் கத்தியிருப்பார், இரண்டு பேரும் அழுதிருப்பார்கள், அது அன்றோடு போயிருக்கும்.

அதற்குப் பிறகு அத்தை தன் கையால் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. விருந்தோ விசேஷமோ, இட்லியைக்கூட ஸ்பூனால் வெட்டிச் சாப்பிடுவார். அப்பாவுக்குக்கூட ஒரு வாய் கொடுப்பதை நிறுத்திவிட்டார். அப்பா கேட்டும் பார்த்தார், சிரித்து மழுப்பிவிடுவார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. உயிர் தப்பியது நான், தண்டனை அவருக்கா என்று எனக்குக் கோபமாக வரும்.

இப்போது லிட்டில் இந்தியாவில் உட்கார்ந்தவுடனே, எது ஒத்துக்காது என்று பணியாளரே கேட்கிறார், விலைப்பட்டியல் திரையில் ஒவ்வொரு உணவுக்கும் பக்கத்தில் கடலைப் படம் போட்டு எச்சரிக்கிறார்கள். அந்த உணவகம் இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது. கச்சாங் வண்டிகளைக் காணோம். அம்மா மட்டும் இன்னமும் அடுப்படி வாசலுக்குப் போகிறாள்.

போன மாதம் பாசிர் ரிஸ்ஸுக்குப் போயிருந்தேன். அத்தைக்கு வயதாகிவிட்டது, சமையலில் மட்டும் குறைவில்லை. வீட்டுக்குள் வேர்க்கடலை வந்தே பல வருடங்களாயின. தட்டை என் முன்னால் வைத்தபோது, "அத்தை, உங்க கையால ஒரு வாய் குடுங்க" என்றேன். என்னையே பார்த்தார். எழுந்துபோய்ச் சோப்புப் போட்டு, முழங்கைவரை, வெகுநேரம் கழுவினார். வந்து உட்கார்ந்து, சாம்பாரை விட்டுப் பிசைந்து உருட்டினார். நான் வாயைத் திறந்தேன். கை பாதி தூரம் வந்தது, நின்றது. உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"மனசு வருது பாப்பா," என்றார். "கை வர மாட்டேங்குது."

ஸ்பூனை என் பக்கம் நகர்த்தினார். அவர் பிசைந்த சோற்றை நானே எடுத்துச் சாப்பிட்டேன்.