எழுப்பாமல் விட்ட தூக்கம்

அன்றைக்கு இருந்தவர்கள்: நான். அம்மா. என் வீட்டுக்காரி. மகள், ஏழாம் ஆண்டு படிக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் காம்பரா அக்கா. அப்புறம் தம்பி. இதே வரிசையில்தான் மரண விசாரணை அதிகாரிக்கும் சொன்னேன்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம் ஒரே கூரைக்குக் கீழே வரிசை வீடுகள்; காம்பராவுக்குக் காம்பரா ஒரு சுவர்தான். அதுவும் கூரை வரை எட்டாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

தம்பிக்கு முப்பத்தொரு வயது. கண்டி டவுனில் ஆட்டோ ஓட்டினான். முதலில் தூள், அதாவது ஹெரோயின். வருசக்கணக்காகத் தூள். பிறகு ஐஸ் என்கிற போதை வந்தது. ஐஸ் போட்டால் தூக்கம் வராது, ரெண்டு ஆள் ஓட்டம் ஓடலாம் என்றான். இறங்குவதற்கு மறுபடி தூள். ஒன்று ஏத்தும், ஒன்று இறக்கும், சரியாப் போயிரும் என்பான். நாங்களும் நம்பினோம். வேறு சொல்ல ஆள் இல்லை.

அந்தத் தடவை மூன்று நாள் தூங்கவில்லை. ஆட்டோ சீட்டைக் கழற்றினான், மாட்டினான், திரும்பக் கழற்றினான். அவனோடு நாங்களும் முழித்திருந்தோம். நான் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். கத்தியும் கையுமாக நிற்கும்போதே கண் சொருகியது.

ஆடி வெள்ளி, மத்தியானம் வந்தான்.

"அண்ணே, கொஞ்சம் தூள் இழுத்துட்டேன். இனித் தூங்கிருவேன். யாரும் எழுப்பிராதீங்க."

"எழுப்பமாட்டோம். படு."

படுத்ததும் குறட்டை. மேலே கோயிலில் ஸ்பீக்கர் அலறியது. எழும்பிவிடுவானோ என்று நான் ஏறிப் போனேன். மைக்செட்காரர் வயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி இப்பத்தான் படுத்திருக்கான். கொஞ்சம் நிப்பாட்டுங்களேன்."

"ஆடி வெள்ளியும் அதுவுமா அம்மன் பாட்டை நிறுத்தச் சொல்றியா?"

"மூணு நாளுண்ணே."

என் முகத்தைப் பார்த்தார். நிறுத்தினார். தோட்டமே அமைதியானது. அவரும் என்னோடு இறங்கி வந்தார். வாசல் இஸ்தோப்பில் நின்று காது கொடுத்தார்.

"என் பெட்டிய விட இவன் சத்தந்தாம்ப்பா பெருசு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சுவருக்கு மேலாக அக்கா குரல்: "என்ன, உங்க வீட்டுக்குள்ள லொறி ஏறுதா?"

"ஏறட்டும்க்கா. மூணு நாளைக்கு அப்புறம் ஏறுது" என்றாள் வீட்டுக்காரி.

அம்மா கதவைச் சாத்தினாள். சட்டி பானையைக்கூட யாரும் உருட்டவில்லை. குறட்டை தொண்டைக்குள் தண்ணி கொதிக்கிற மாதிரி இருந்தது. நடுநடுவே நிற்கும். பிறகு வரும்.

மகள் மட்டும் அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, சித்தப்பா சத்தம் வேற மாதிரி இருக்கு. எழுப்பவா?"

"சும்மா இரு. தூங்கட்டும்."

நாலு மணிபோலச் சத்தம் நின்றது.

"இப்பத்தான் நல்லாத் தூங்குது" என்றாள் வீட்டுக்காரி. அம்மா அவன் காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். எங்களுக்கும் கண் இழுத்தது. உட்கார்ந்த இடத்திலேயே எல்லாரும் சாய்ந்தோம்.

ஐந்தரைக்கு நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். உதடு நீலம். நகமும் நீலம். உடம்பு ஆறியிருந்தது. அவன் ஆட்டோவிலேயே ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனோம். பக்கத்து லயத்துக்காரர் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். "ஐஸ் முழிக்க வைக்கும். தூள் மூச்சை அமுக்கும். ஒன்னு மத்ததைச் சரிக்கட்டாது. ரெண்டும் சேர்ந்தா இன்னும் மோசம். நீங்க கேட்டது தூக்கம் இல்ல, மூச்சு அடைக்கிற சத்தம். தட்டி எழுப்பிப் பார்த்திருக்கணும். எழும்பலன்னா உடனே கொண்டுவந்திருக்கணும்."

கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். பிழைத்திருக்கலாம் என்றார். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது நான் கண்ணயர்ந்தால் வந்து தோளைத் தட்டிப் பார்க்கிறாள். ஒரு ராத்திரிக்கு ரெண்டு மூன்று தடவை. நான் ஏசுவதில்லை. "முழிச்சுத்தான் இருக்கேன்" என்பேன். போய்ப் படுப்பாள்.

அதிகாரி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியாகக் கேட்டார், அந்தக் குறட்டையைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று. மைக்செட்காரரையும் சேர்த்து விரல்விட்டு எண்ணினேன்.

ஆறு பேர்.