தம்பி வாசித்த சுவர்

என் தம்பி "அம்மா" என்று முதன்முதலில் சொன்னது அம்மாவைப் பார்த்தல்ல. அந்தச் சொல் எழுதிய ஒரு காகித மட்டையைப் பார்த்து. அப்போது அவனுக்கு ஒன்றரை வயது. எனக்கு ஒன்பது. சுன்னாகத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம்.

கனடாவில் இருக்கும் பெரியம்மா, தன் பேரன் இரண்டு வயதிலேயே புத்தகம் வாசிக்கிறான் என்று தொலைபேசியில் சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்கு நிம்மதி இல்லை. பெரியம்மா ஒரு கட்டு மட்டைகளும் டேப்லட் ஒன்றும் அனுப்பிவைத்தார். டேப்லட்டில் ஒரு பெண்குரல் சொல்லைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும். பிள்ளை சரியாகச் சொன்னால் கைதட்டும். மூன்று வேளையும், சோற்றுக்கு முன்னால், தம்பியின் முகத்துக்கு நேரே மட்டைகள் மாறிக்கொண்டேயிருக்கும். அனுப்பிய மட்டைகள் முடிந்ததும் அம்மா பழைய கலண்டர்களை வெட்டித் தானே எழுதினார்.

இரண்டு வயது கடந்தபோது அவன் கண்ணில் பட்ட எதையும் வாசித்தான். ஆனால் பசிக்கிறது என்று சொல்லத் தெரியாது. எங்களில் ஒருவரையும் கூப்பிடமாட்டான். அம்மா முன்னால் வந்து நின்றால், அவருக்குப் பின்னால் தொங்கும் கலண்டரை எட்டிப் பார்த்து வாசிப்பான். அந்தக் குரலும் அவனுடையதல்ல. டேப்லட்டில் வரும் பெண்ணைப் போலவே, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பான். கைதட்டலுக்காகத்தான் நிற்கிறான் என்று அப்பா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சந்தைக்குப் போகும் வழியில் மதில்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிகளை அவன் ஒன்று விடாமல் வாசித்தான். செத்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அந்தக் குரலில் வந்தன. முன்வீட்டு மாமி முதலில் அதிசயப்பட்டார். பிறகு ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டு, "பிள்ளை, இவனை மதில் பக்கம் கொண்டு போகாதை. கேக்க ஒரு மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டார்.

அந்த வருடந்தான் மயிலிட்டியில் அம்மா பிறந்த வீட்டு வளவை இராணுவம் திருப்பிக் கொடுத்தது. சண்டை நாளில் சிறுமியாக அங்கிருந்து ஓடிவந்த அம்மா, அதன் பிறகு அந்தப் பக்கம் போனதில்லை. இத்தனை வருடமும் அங்கே அவர்கள்தான் இருந்தார்கள். நாங்கள் நால்வரும் ஓட்டோவில் போய் இறங்கியபோது நல்ல மத்தியானம். கூரையில்லை, கதவுகளில்லை, சுவர்கள் மட்டும் நின்றன. அம்மாவும் அப்பாவும் கிணற்றைப் பார்க்கப் பின்பக்கம் போனார்கள். நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உள் அறையில் நின்றேன். கடல் அவ்வளவு கிட்ட இருந்தும் அந்த அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

தம்பி கையை உதறிக்கொண்டு போய்ச் சுவரோடு குந்தினான். அவன் உயரத்தில் சுண்ணாம்பு உரிந்து போயிருந்த இடத்தைப் பார்த்து வாசித்தான்.

"அக்கா கள்ளி."

பிறந்ததிலிருந்து அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டதேயில்லை. குனிந்து பார்த்தேன். ஆணியால் கீறிய கோணல் எழுத்துகள். அன்று காலையில்தான், அவனுக்குப் பரிசாகக் கொடுக்க அம்மா வாங்கி வைத்திருந்த டொபி இனிப்புகளில் நாலைக் களவாகத் தின்றிருந்தேன். அது ஒருவருக்கும் தெரியாது. இந்தச் சுவருக்கு எப்படித் தெரிந்தது?

ஓட்டுத்துண்டு ஒன்றை எடுத்து எழுத்துகள் முழுவதையும் சுரண்டினேன். சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தார்.

"என்னடி செய்யிறாய்? உதிலை என்ன கிடந்தது?"

"ஒண்டுமில்லை."

தம்பி என்னையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. எழுத்தே இல்லாத வெள்ளைத் தழும்பைப் பார்த்து அதே குரலில் சொன்னான்: "அக்கா கள்ளி."

சொல்லிவிட்டுக் காத்திருந்தான்.

அம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். சுரண்டிய இடத்தை விரல்களால் தடவினார். அடி விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"திருப்பிச் சொல்லு ராசா."

"அக்கா கள்ளி."

அம்மாவின் முகம் சுவர்ப்பக்கமாகவே இருந்தது. "ஓமடா," என்றார் மெதுவாக, "நான்தான் எடுத்தனான்."

தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அவன் அவருடைய தோளுக்கு மேலால் சுவரையே பார்த்தபடி இருந்தான். அப்பா வாசலில் வந்து நின்றார்.

அந்த அறையில் அம்மாவோடு ஒன்றாக வளர்ந்த அவருடைய தம்பி ஒருவர் இருந்தார் என்பதும், இடம்பெயர்ந்து வந்தபின் ஒருநாள் சைக்கிளில் வெளியே போன அவர் திரும்பி வரவேயில்லை என்பதும், நான் வளர்ந்த பிறகு அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தச் சுவரில் கீறியதைத் தவிர, அவர் கையால் எழுதியது என்று அம்மாவிடம் வேறு ஒரு துண்டுகூட இருக்கவில்லை. அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். டொபி தின்ற பழியை எனக்காக அம்மா ஏற்றுக்கொண்டுவிட்டார். இனி அடி விழாது என்ற சந்தோசத்தில், கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓட்டோவுக்கு ஓடினேன்.