ஏழாம் பெட்டிச் சேவலின் தலை

வேலுத்தாய் எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போடமாட்டாள். எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் முதல் போன மாதம் விளாத்திகுளம் போய்வந்த பேருந்துச் சீட்டு வரை, கைக்கு வந்தது எதுவானாலும் துளையிடப்பட்டுக் கோப்பில் ஏறிவிடும். கல்யாணப் பத்திரிகை இருக்கும் அதே கோப்பில், புருஷன் விட்டுப்போனபோது எழுதிவைத்த சீட்டையும் தேதி வரிசைப்படி கோத்திருக்கிறாள் என்று வேலைபார்க்கும் இடத்தில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு பொய்யில்லை.

கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலையொன்றில் பதினோரு வருடம் குச்சி அடுக்கியவள் அவள். மரச்சட்டத்தில் ஒரு காடிப் பள்ளத்துக்கு ஒரு குச்சி. இரண்டு வைத்தால் மருந்தில் முக்கும்போது ஒட்டிக்கொள்ளும், மேஸ்திரியின் வாயும் திறந்துகொள்ளும். பிறகு ஒரு தனியார் விதை நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பண்ணைக்குப் பருத்தி எடுக்கப் போனாள். ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைக்கச் சொன்னார்கள். துடைத்த மேசையில் கிடந்த கையேடுகளை அகராதியோடு உட்கார்ந்து படித்தாள். நான்கு வருடத்தில், மாதிரி சேகரிக்கும் ஒப்பந்தப் பணியாளர் ஆனாள்.

பண்ணையின் தலைமை ஆய்வாளர் டாக்டர் வேல்ராஜ், ஓட்டப்பிடாரத்துக்காரர். பருத்தித் தண்டின் ஒரு பக்கத்தில் வாடல் நோய்ப் பூஞ்சையை ஊசியால் ஏற்றி, செடி எந்தப் பக்கத்திலிருந்து எதிர்த்து நிற்கிறது என்று பார்ப்பது அவருடைய திட்டம். பழைய முறையில் தண்டை அரைத்து, எதிர்ப்பு மரபணுக்கள் வேலைசெய்வதைக் காட்டும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைப் படிப்பார்கள். துவையலை நக்கிப் பார்த்துவிட்டு, தேங்காய் அம்மியின் எந்த ஓரத்தில் கிடந்தது என்று கேட்பதற்கு ஒப்பான காரியம் அது. புதிய முறையில் தண்டை மெல்லிதாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் படியவைக்கிறார்கள். தகட்டில் ஆயிரக்கணக்கான புள்ளிகள்; ஒவ்வொன்றுக்கும் கதவு எண் போல ஒரு குறியீடு. சீவலிலிருந்து இறங்கும் மூலக்கூறு, தனக்கு நேர்கீழே உள்ள புள்ளியின் எண்ணை ஒட்டிக்கொள்ளும். அதற்குமேல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து படித்தாலும், எது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது மாறாது.

ஆனால் ஊசி போட்ட பக்கம் எது என்று கண்ணாடிக்குத் தெரியாது. தண்டு உருண்டை, ஊசிக் காயத்துக்கு மேலே வெட்டிய துண்டில் தழும்பும் இராது. அந்தச் செய்தியைச் சென்னை ஆய்வகம் வரை சுமந்தவை, வேலுத்தாய் ஆலையில் சொல்லி வாங்கிய, சேவல் படம் போட்ட வெற்றுத் தீப்பெட்டிகள். துண்டைப் பெட்டியின் உள்தட்டில் நிறுத்திப் பஞ்சால் அணைக்கவேண்டும். ஊசி பட்ட பக்கம் சேவலின் தலையைப் பார்த்திருக்கவேண்டும். அந்தத் தலைப்பக்கத்தில் மருந்தில்லாத வெறுங்குச்சி ஒன்றையும் அவள் செருகினாள். செய்முறைக் குறிப்பில் அதையும் எழுதியிருந்தாள். வேல்ராஜ் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, 'சேவல் போதும்' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். அந்தத் தாளும் கோப்பில் இருக்கிறது. குச்சியைச் செருகுவதை அவள் நிறுத்தவில்லை.

பன்னிரண்டு பெட்டிகள் நூலால் கட்டப்பட்டு, பனிப்பெட்டியில் சென்னைக்குப் போயின. முடிவு வந்தபோது, பதினொன்றில் ஊசி பட்ட பக்கம்தான் எதிர்த்து நின்றது. ஏழாவதில் மட்டும் எதிர்ப்பக்கம். முதல் இரண்டு நாள் டாக்டர் இதைக் கண்டுபிடிப்பு என்றார். மூன்றாம் நாள் மேலிடம் கேள்வி கேட்டதும், வேலுத்தாயின் தவறு என்றார். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று மெமோ வந்தது. அவள் முதலில் அதற்குத் துளையிட்டாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை. சென்னை ஆய்வகத்து ரேணுகாதேவி கணினித் திரையில் இருந்தார். ஜீப் டிரைவர் சோலைமுத்து, கூப்பிடாமலே வந்து வாசலில் நின்றான்.

"தலை எது, வால் எதுன்னு தெரியாம அடைச்சிட்டு, போட்டோ வேற எடுத்து வச்சிருக்கியாக்கும்?" என்றார் வேல்ராஜ்.

"வச்சிருக்கேன் சார். பத்து முப்பத்தெட்டுக்கு எடுத்தது. குச்சி சேவல் தலைப்பக்கம் நிக்குது பாருங்க. மேடம், நீங்க தொறந்தப்போ எடுத்த படத்தையும் காட்டுதீங்களா?"

ரேணுகாதேவி காட்டினார். "அட, குச்சி வால் பக்கம் இருக்கே! ஆனா நூல் கட்டு பிரியாமத்தாங்க வந்துச்சு. நாங்கதான் கத்தரிச்சோம்."

வேலுத்தாய், வயலில் மாதிரி எடுத்த அன்றைக்கு எழுதிய பதிவேட்டைப் பிரித்து வாசித்தாள். "பத்து நாற்பது. நூல் தீர்ந்தது. ஏழாம் பெட்டியைப் பனிப்பெட்டி மூடிமேல் வைத்து, நூல் எடுக்க ஜீப்புக்குப் போனேன். பத்து நாற்பத்து மூன்று. திரும்பினேன். சார் சிகரெட் குடித்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் கட்டினேன்."

"நான் சிகரெட் குடிச்சதையெல்லாம் எதுக்கு எழுதுதே?"

"நடந்துச்சு, எழுதுனேன். மேடம், அந்தக் காலிப் பெட்டி இருக்கா? பக்கவாட்டக் காட்டுங்க."

பழுப்பு மருந்துப் பட்டையில் ஒரே ஒரு கீறல் இருந்தது.

"புதுப்பெட்டி சார். மத்த பதினொண்ணுலயும் உரசின தடமே கிடையாது."

வேல்ராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூடிமேல தீப்பெட்டி கெடந்தா மனுசன் என்ன நெனைப்பான்? தொறந்தேன்... உள்ள கட்டை இருந்துச்சு. தட்டத் திரும்பச் சொருகிட்டேன்."

"தட்ட முழுசா உருவிட்டுச் சொருகுனீங்க சார்," என்றான் சோலைமுத்து. "அப்புறம் எங்கிட்ட ஒத்தக் குச்சி வாங்கி அதுலயே உரசுனீங்க. எம்பொட்டியில மருந்து தேஞ்சுபோச்சுன்னு வைதீங்களே."

"ஏலே, உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல சார். அதான் இம்புட்டு நாளும் சொல்லல."

ரேணுகாதேவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஏழாம் பெட்டித் தண்டின் முடிவுப் படத்தைத் திரையில் அரைவட்டம் திருப்பினார். அது மற்றப் பதினொன்றோடும் அச்சாகப் பொருந்தியது. இரண்டு நாள் உயிரோடிருந்த கண்டுபிடிப்பு அத்துடன் மண்டையைப் போட்டது.

"சரி, சரி. உன் ஒப்பந்தம் அப்படியே இருக்கும். மெமோவக் கிழிச்சுப் போட்டுரு," என்றார் வேல்ராஜ்.

"கிழிக்க மாட்டேன் சார். வாபஸ்னு அது மேலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. தொறந்தது யாருன்னும் எழுதுங்க. குச்சி வரிய அடிச்சீங்கல்ல, அதையும் திரும்பச் சேத்துருங்க."

அவர் சிவப்புப் பேனாவைத் தேடினார். பிறகு என்ன நினைத்தாரோ, நீலத்தில் எழுதினார். கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

வேலுத்தாய் தாளை வாங்கி முழுவதும் படித்துப் பார்த்தாள். அவருடைய கையெழுத்துக்குக் கீழே, 'நூலை முன்கூட்டி எடுத்து வைக்காமல், கட்டாத பெட்டியை மூன்று நிமிடம் விட்டுப்போனது என் பிழை' என்று எழுதித் தன் கையெழுத்தையும் தேதியையும் போட்டாள். இரண்டு மையும் காயும்வரை பொறுத்திருந்து, அப்புறம் துளையிட்டாள்.