வலைக்கு உள்ளே வந்த வெள்ளை ஈ

பண்ணையில் எல்லோரும் அவளைப் ‘பூச்சி மேடம்’ என்பார்கள். ஆராய்ச்சிப் பண்ணையில் இலையைப் புரட்டி வெள்ளை ஈ எண்ணுவது அவள் வேலை. ஒரே பூச்சிதான், ஆனால் அதற்கும் நாக்கில் ருசி பேதம் உண்டு. மிளகாயில் பேருக்கு நாலு இருக்கும், தக்காளியில் சுமார், வெண்டையில் கூட்டம். கத்தரியிலோ இலையைத் தொட்டால் சாம்பல் பறப்பது போல எழும்பும். அதனால் மிளகாயில் தொடங்கிக் கத்தரியில் முடிப்பதுதான் முறை. மாற்றிப் போனால் எண்ணுகிறவர் மேலேயே தொற்றிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விடும். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதை மூச்சு விடாமல் சொல்வாள். சொல்வதில் கொள்ளைப் பிரியம்.

வேலை முடிந்ததும் நேராகப் பண்ணையின் பின்சுவரை ஒட்டியிருக்கும் அக்கா வீட்டுக்குப் போவாள். அக்கா கணவர், இவளுக்கு மாமா, இருந்த வேலை போனபின் வலைக்கூடாரம் போட்டுத் தக்காளி நாற்று வளர்த்தார்; இவளும் தினமும் அதற்குள் போய் நாற்றைப் பார்த்துவிட்டு வருவாள். குடும்பமே அதை நம்பித்தான் இருந்தது. நாற்றில் வெள்ளை ஈ மொய்த்து ஒருவரும் வாங்காமல் போனபோது, சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் இவள் அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

“வலைய ஒழுங்கா மூட மாட்டீங்க. பூச்சி வராம என்ன செய்யும் மாமா?”

அக்காகூட அவரை ஒரு மாதிரி பார்த்தாள். மறுநாள் மாமா எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஊசி நூலோடு உட்கார்ந்து வலையைச் சாண் சாணாகத் தைத்து, புது விதை போட்டார்.

இன்று அக்கா வீட்டில் முகம் கழுவப் போனவள், வெயிலுக்குப் போடும் மஞ்சள் தொப்பியைக் கழற்றினாள். அதில் வெள்ளைப் புள்ளிகள். தட்டினாள், பறந்தன. மஞ்சளைக் கண்டால் இந்த ஈ விடாது என்று ஊருக்கே வகுப்பெடுத்தவள் அவள். கத்தரியோடு வேலை முடிந்தது என்றே இருந்துவிட்டாள். அதற்கு அடுத்த பாத்தி அக்கா வீட்டுத் தக்காளி என்று ஒரு நாளும் தோன்றவில்லை. வெட்கத்தில் காது மடல் சுட்டது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தாள். நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

வெளியே மாமா வலைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பிடித்திருந்தார்.

“சீக்கிரம் உள்ள வாம்மா. தொறந்து வெச்சா பூச்சி வந்துரும்.”

அவள் எட்டியே நின்றாள். “நான் வரல மாமா. அன்னிக்கு நாத்துல மொய்ச்ச பூச்சிய நான்தான் கொண்டு வந்திருக்கேன். தினமும், இந்தத் தொப்பியில.”

அவர் தொப்பியைப் பார்த்தார். கதவை மூடினார். தைத்த இடத்தை விரலால் தடவினார்.

“அப்போ வலைய நான் சரியாத்தான் மூடியிருந்தேனா?” என்று கேட்டார்.