இடுப்பில் இரண்டாவது துப்பாக்கி

வலியசாலையில் எங்கள் தெருவில் துப்பாக்கி உள்ள வீடு எங்களுடையது ஒன்றுதான். துப்பாக்கி ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பன்னிரண்டு போர் அளவுள்ள இரட்டைக் குழல் நீள் துப்பாக்கி. மற்றது முப்பத்திரண்டு காலிபர் ரிவால்வர். பொன்முடிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு அதிகாரியாக இருந்த நாளில் லைசென்ஸ் எடுத்து வாங்கியவை. மாமிசம் தொடாத வீட்டில் இவை எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. வித்துரா தாண்டி எனக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. மரச்சீனிக் கிழங்கும் நேந்திர வாழையும் போட்டிருக்கிறேன். காட்டுப்பன்னி தின்று மிஞ்சியதுதான் எனக்கு.

இப்போது பயிரை அழிக்கும் பன்னியைச் சுட, லைசென்ஸ் உள்ளவர்களைப் பஞ்சாயத்தே கூப்பிடுகிறது. உத்தரவு வந்தால் போய்ச் சுட வேண்டும். சுட்டதை யாரும் தின்னக் கூடாது. குழி வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, மூடிவிட வேண்டும். எனக்கு இதைவிடப் பொருத்தமான வேட்டையை யாரும் ஏற்பாடு செய்திருக்க முடியாது.

நீள் துப்பாக்கியைப் பற்றி வீட்டில் பெரிய ஆட்சேபம் இல்லை. ரிவால்வரைத்தான் என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய மாதம் நெருங்கியது. இந்தத் தடவை அதை ஒப்படைத்துவிட வேண்டும் என்று அவளும் பெங்களூரில் இருக்கும் மகனும் பேசி முடிவு செய்துவிட்டார்கள்.

"ஏன்னா, ஒரு பன்னிக்கு எத்தனை துப்பாக்கி? வெளியில போறவா ரெண்டு குடை எடுத்துண்டு போவாளோ?"

"ஒண்ணு விரியலைன்னா?"

"விரியலைன்னா ஆத்துக்குத் திரும்பி வாங்கோ. எழுபத்தி மூணு வயசுக்கு அதுதான் அழகு."

நான் ஒப்படைப்பதாக இல்லை. காரணங்களை எண்ணி வைத்திருந்தேன்.

முதல் காரணம், காயம்பட்ட பன்னி. அதை விட்டுவிட்டு வரக் கூடாது. பின்னால் போய் முடிக்க வேண்டும். அது புதருக்குள் படுத்துக் காத்திருக்கும். இரட்டைக் குழலில் இரண்டே தோட்டா. இரண்டும் போன பிறகு பன்னி ஓடி வந்தால், குழலை மடக்கி மறுபடி நிரப்ப அது நேரம் தராது. இரண்டாவது காரணம், ஒரு கை. அந்த மலைச்சரிவுகளில் ஒரு கை எப்போதும் ஏதாவது மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது, ஈரம். வாங்கும்போது பிஸ்டல்தான் நல்லது என்று பலர் சொன்னார்கள். பிஸ்டலில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் இரண்டு கையாலும் இழுத்து அதை வெளியே தள்ள வேண்டும். ரிவால்வரில் விசையை மறுபடி அழுத்தினால் போதும், உருளை சுற்றி அடுத்தது வந்துவிடும். பொன்முடி மூடுபனியில் தீக்குச்சியே பற்றாது. தோட்டாவை மட்டும் எப்படி நம்புவது?

ஆறு அறைகளில் ஐந்தில்தான் தோட்டா போடுவேன். சுத்தியலுக்கு நேரே இருக்கும் அறை காலி. கால் இடறி விழுந்தால் தானாக வெடிக்காமல் இருக்கத்தான். தோலுறையை இடது பக்கம், தொப்புளுக்கு ஒரு சாண் தள்ளி, பிடி வலது கையைப் பார்க்கும்படி கட்டுவேன். வலது பக்கம் கட்டினால் தோளில் தொங்கும் துப்பாக்கியின் கட்டை அதில் இடித்துக்கொண்டே வரும். பிடியிலிருந்து பெல்ட்டுக்கு ஒரு கயிறும் உண்டு, கை தவறினாலும் பள்ளத்தில் போய்விடாது.

கயிற்றைப் பார்த்துச் சிரிப்பவன் என் கூட்டாளி. வித்துரா சந்தையில் இரும்புக்கடை வைத்திருக்கிறான். அவன் தாத்தா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவன், நல்ல குறிகாரன். பஞ்சாயத்து உத்தரவு வந்தால் நாங்கள் இருவரும்தான் சேர்ந்து போவோம்.

"சாமி, இதென்ன ஆட்டுக்குட்டியா, கயிறு போட்டுக் கொண்டு நடக்கதுக்கு?"

"விழுந்தா உன் அப்பனா எடுத்துத் தருவான்?"

"எடுத்துட்டும் காரியமில்ல, கேட்டோ. முப்பத்திரண்டு வச்சு அடிச்சா பன்னி சிரிச்சுதான் சாகும்."

அவன் சொன்னதில் உண்மை உண்டு. ஓடி வரும் பன்னியின் நெஞ்சில் முப்பத்திரண்டு பட்டால் அது கொசுக்கடியாகத்தான் எடுத்துக்கொள்ளும். காதுக்குப் பின்னால், மிக அருகில் வைத்துச் சுட்டால் மட்டும் வேலை செய்யும். "அத்தனை பக்கத்துல போக பன்னி சம்மதிக்கணுமே, அல்லே?" என்பான். ஆனாலும் கட்டிக்கொண்டு போனேன்.

புதுப்பிக்கப் போவதற்கு ஒரு மாதம் முன்னால் உத்தரவு வந்தது. ஒரு பெரிய ஆண் பன்னி. சாயங்காலம் கூட்டாளி சுட்டது பின்காலில் பட்டு, அது ரப்பர் தோட்டத்துக்கு மேலே பெரணிப் புதருக்குள் போய்விட்டது. கீழே நடைபாதை இருக்கிறது. ரப்பர் வெட்டுகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகிற வழி. ஆட்களை நிறுத்தி வழியை மறித்துவிட்டு, மறுநாள் வெளிச்சம் வந்ததும் தேடப் போனோம். அவன் கீழிருந்து ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு ஏறுவது, நான் மேல்வழியாக வருவது, நடுவில் ஒரு பாறையருகே சந்திப்பது என்று ஏற்பாடு.

பாறையை நான் அடைந்தபோது அவன் குந்தியிருந்து ஓர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான். மடியில் துப்பாக்கி. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

இந்த ஊரில் வேட்டியை முண்டு என்பார்கள். முண்டோ கைலியோ, மடித்துக் கட்டியபடி யாரும் பெரியவர்கள் முன்னால் நிற்கமாட்டார்கள். யாராவது பெரியவர் எதிரே வந்தால் கை தானாகப் போய் மடிப்பை அவிழ்த்துவிடும். முண்டு கணுக்கால் வரை இறங்கிவிடும். அவன் கடையிலும் அப்படித்தான். தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாலும் என் தலை தெரிந்தால் ஒரு கை கீழே போகும். எத்தனையோ வருஷமாக இந்த மரியாதையைப் பார்த்திருக்கிறேன். இடி, பாம்பு, வழுக்கும் பாறை என்று எல்லாவற்றையும் கவலைப் பட்டியலில் வைத்திருந்த நான், இதை மட்டும் வைத்ததில்லை.

அவன் துப்பாக்கியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மடிப்பை அவிழ்த்தான். அப்போது அவனுக்குப் பின்னால் பெரணி அசைந்தது. ஓர் உறுமல். அவன் திரும்பினான். திரும்பின கால் கைலிக்குள் சிக்கியது. முகம் குப்புற விழுந்தான், துப்பாக்கி சரிவில் சறுக்கிப் போனது. பன்னி தலையைத் தாழ்த்தி அவன் தொடையில் கோரைப்பல்லைப் பாய்ச்சியது.

நான் இரட்டைக் குழலைத் தூக்கிவிட்டேன். சுட முடியவில்லை. அந்தத் தோட்டாவில் சிதறிப் போகும் ஈயக் குண்டுகள். எனக்கு எதிரே ஆளும் பன்னியும் ஒரே மூட்டையாகப் புரண்டார்கள். எந்தப் பக்கம் குறி வைத்தாலும் அவன் இருந்தான். துப்பாக்கியைக் கீழே வைத்தேன். ரிவால்வரை எடுத்துக்கொண்டு நேரே போனேன். பக்கத்தில் போகப் பன்னி சம்மதிக்க வேண்டும் என்பானே, அது சம்மதித்தது. அதன் கவனம் முழுவதும் அவன் தொடையில்தான் இருந்தது. அவன் தலை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டேன். மறுபுறம் மண்மேட்டை நோக்கி, காதுக்குப் பின்னால் குழலை வைத்தேன். ஒன்று. பன்னி முன்காலில் மண்டியிட்டது. இன்னொன்று. அதோடு சரிந்தது.

என் மூன்று காரணங்களில் எதுவும் அன்று வேண்டியிருக்கவில்லை. சுட்ட இரண்டு தோட்டாவும் வெடித்தன. எந்தக் கையும் மரத்தைப் பிடித்திருக்கவில்லை. இரட்டைக் குழலும் நிரம்பியே கிடந்தது. அந்த ரிவால்வர் குட்டையாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். ஓர் ஆளுக்கும் ஒரு பன்னிக்கும் நடுவில் அது நுழைந்தது. கயிறும் எதற்கும் பயன்படவில்லை. இப்போதும் கட்டிக்கொள்கிறேன்.

அவன் தொடையை என் துண்டாலும் அவன் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டாலும் இறுக்கிக் கட்டினேன். கண்ணைத் திறந்தான்.

"சாமி, எத்தனை போச்சு?"

"ரெண்டு."

"அப்போ மூணு பாக்கி உண்டு. பன்னி சிரிச்சுதா?"

"நீ சிரிக்காதே. ரத்தம் வரது."

கீழே நின்றவர்கள் ஓடி வந்து அவனைத் தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் பதினான்கு தையல். எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று போன் வரும்வரை நான் பாறையை விட்டு நகரவில்லை. பிறகு பஞ்சாயத்து மெம்பர் வந்தார், குழி வெட்டினார்கள். மண்ணெண்ணெய் கேனைத் திறந்தபோது ரப்பர் வெட்டுகிற ஒருவர் பெருமூச்சு விட்டார்.

"இவ்வளவு இறச்சியும் மண்ணுக்கு. சாமிக்கு எந்தா, போய் சாம்பார் சாப்பிட்டா மதி."

"ரசம்," என்றேன். "இன்னிக்கு வயிறு சரியில்லை."

மூன்று வாரம் கழித்து, மழை விடாமல் பெய்த ஒரு காலையில் அவன் வலியசாலைக்கு வந்தான். ஆட்டோவிலிருந்து இறங்கி, நனையாமலிருக்க மடித்துக் கட்டிய முண்டோடு, ஊன்றுகோலில் தாங்கி வாசல் வரை வந்தான். என் மனைவி முதலில் வந்தாள், பின்னால் நான். எங்களைப் பார்த்ததும் ஊன்றுகோலை ஒரு கைக்கு மாற்றினான். மற்றக் கை கீழே போனது.

"விடாதே!" என்று கத்தினேன். "அவிழ்க்காதே!"

தெருவில் இரண்டு வீட்டில் கதவு திறந்தது. அவன் கை அப்படியே நின்றது. பிறகு சிரித்துக்கொண்டு, முழங்கால் தெரிய உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. பன்னி பாய்ந்தது, நான் சுட்டேன் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். காப்பி குடித்துக்கொண்டே அவன் எல்லாவற்றையும் சொன்னான். கைலி, விழுந்தது, இரட்டைக் குழலை நான் கீழே வைத்தது எல்லாம்.

"அந்தச் சின்னது இல்லேன்னா நான் இந்தக் காப்பி குடிக்க மாட்டேன், மாமி. நான் எவ்வளவு களியாக்கிச் சிரிச்சிருக்கேன் அதை!"

அவள் அவன் டம்ளரை வாங்கி, கேட்காமலே மறுபடி நிரப்பிக் கொண்டுவந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை லைசென்ஸைப் புதுப்பிக்க நான் செருப்பைப் போட்டுக்கொண்டபோதும் மழைதான். அவள் சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏன்னா, ரெண்டு குடையும் எடுத்துண்டு போங்கோ."