கடைமடைக்காரியும் அருவிகளும்

தஞ்சாவூரிலிருந்து கிழக்கே போகப் போகத் தரை இன்னும் தட்டையாகிக்கொண்டே போகும். எங்கள் பக்கத்தில் உயரமான இடம் என்றால் கோபுரமும் ஆற்றங்கரையும்தான். மழைக்கு முந்தைய மாலைகளில் மேற்கே மேகம் அடுக்கடுக்காக ஏறி நிற்கும். அதை மலை என்று கொஞ்ச நேரம் நம்பிக்கொள்ளலாம். கல்லூரி வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு ஒரு கேமரா வாங்கி, அந்த மேகத்தின் பின்னாலேயே பல வருஷங்கள் அலைந்தேன். ஆள் போகாத அருவிகளைத் தேடிப் படம் எடுப்பது எனக்குப் பைத்தியமாகவே ஆகிவிட்டது.

என் மனைவி தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கடைமடைக் கிராமத்தில் பிறந்தவள். மேட்டூரில் திறந்த தண்ணீர் மற்ற வயல்களுக்கெல்லாம் பாய்ந்தபின் மிச்சமிருந்தால் அங்கே வரும். செத்தையையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, காய்ந்த வாய்க்காலின் வெடிப்புகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு, ஊர்ந்து வரும். சிறு வயதில் அவள் அதற்காகக் கரையில் காத்து நின்றவள். தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறாளே தவிர, விழுவதைப் பார்த்ததில்லை.

"ஒரே ஒரு தடவை, அது மேலேருந்து விழறப்ப அடியில போய் நிக்கணுங்க" என்று கல்யாணமான புதிதிலேயே சொன்னாள். அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். அதை நான் செய்து கொடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பயணத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். ஃபோட்டோ ஸ்டூடியோ நடத்தி மூடிவிட்ட நண்பர் ஒருவர் காரை ஓட்டினார். செல்போன் வரைபடத்தில் பச்சைமலையைப் பெரிதாக்கி, ஓடை ஒன்று சரிவில் சட்டென்று இறங்கும் இடத்தை நான்தான் கண்டுபிடித்திருந்தேன். புறப்பட்ட நாள் ஆடிப் பதினெட்டு. வாசலில் காவிரி கரை தொட்டு ஓடினால் உலகம் முழுக்கத் தண்ணீர் என்று நினைப்பது எங்கள் ஊர்ப் புத்தி. எங்கள் ஆற்றில் ஓடுவது எங்கோ குடகில் பெய்த மழை, பச்சைமலைக்கு மழை ஐப்பசியில்தான் என்பது படித்தவனான எனக்கும் தோன்றவில்லை.

போய்ப் பார்த்தால் மொட்டைப் பாறை. தண்ணீர் விழவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு தாரை மட்டும். அடியில் பச்சைக் குட்டையில் ஆடுகள் வாய் வைத்துக்கொண்டிருந்தன. புளியோதரையும் எலுமிச்சை சாதமும் காதோலை கருகமணியும் சுமந்து வந்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, தண்ணியையும் ஆடித் தள்ளுபடில வித்துட்டாங்களா?"

நண்பர் சிரித்த சிரிப்பில் ஆடுகள் விலகின. அவள் பாட்டில் தண்ணீரைப் பாறைமேல் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். "ஐப்பசில கூட்டிட்டு வர்றேன்" என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

ஐப்பசியில் எங்கள் ஊரில் சம்பா நடவு முடிந்திருக்கும். மழை கொட்டி வயலில் தண்ணீர் நிற்கும். எங்கள் நிலத்துக் குத்தகைக்காரர் வடிகால் வெட்ட ஆள் கேட்டு வீட்டுக்கு வருவார். "அவர் வர்றப்ப வீட்ல ஒருத்தர் இருக்கவேண்டாமா?" என்று கேட்டுவிட்டு நானும் நண்பரும் கிளம்புவோம். அடுத்த வருஷமும் அதையே சொன்னேன், அதற்கடுத்த வருஷமும். உண்மை வேறு. என் படத்தில் மனித வாடையே இருக்கக்கூடாது. அவள் வந்தால் பேசுவாள், குளிக்க இறங்குவாள், பசிக்கிறதா என்பாள். அதற்குள் வெளிச்சம் போய்விடும்.

அந்தப் பயணங்கள் இன்றும் எனக்குக் கனவில் வருகின்றன. கார் கண்ணாடியை இறக்கினால் ஈர இலை வாசனை. மேகம் சாலையைக் கடந்து போகக் காத்திருந்துவிட்டுப் போவோம். மூங்கில்களுக்கு நடுவே எங்கோ வெள்ளையாக ஒன்று அசையும், நிற்கும், மறுபடி அசையும். அதை நோக்கி நடக்கும்போது எனக்கு வயதும் இல்லை, வீடும் இல்லை.

ஒரு ஐப்பசியில் அவளே பையோடு வந்து காரில் உட்கார்ந்துகொண்டாள். "குத்தகைக்காரர்ட்ட போன்ல பேசிட்டேன். வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றாள். அதற்குள் அவளுக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. முதுகு பிடித்துக்கொண்ட நண்பர் காரிலேயே இருந்துவிட, நாங்கள் இருவரும் ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். பாதி தூரத்தில், ரைஸ்மில் ஓடுவதுபோல மரங்களுக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"கையக் குடுங்க. மெதுவா போயிடலாம்."

நான் வானத்தைப் பார்த்தேன். மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் தண்ணீர்மேல் வெயில் விழும், உடனே போய்விடும்.

"நீ உட்காரு. பார்த்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

போனேன். லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, தண்ணீர் புகையாகும்வரை ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்தேன். பாறை ஈரத்தில் ஒளி ஊர்ந்தது. மறுபடி எடுத்தேன். அவள் நினைவு இருந்தது. இருந்தும் எடுத்துக்கொண்டிருந்தேன். மழை பிடித்த பிறகுதான் இறங்கினேன். கல்லில் அவள் இல்லை.

காரில் இருந்தாள். உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தே இறங்கியிருக்கிறாள். புடவையின் பின்புறம் முழுக்கச் சேறு. நண்பர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கேமராவின் சின்னத் திரையில் படத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள்.

"இதுல தண்ணி எங்கங்க? அடுப்புப் புகை மாதிரில்ல இருக்கு."

துறையூர் வரும்வரை அந்தப் புகையை எப்படி வரவழைப்பது என்று அவளுக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். மன்னிப்புக் கேட்பதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்தப் படம்தான் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எந்த இடம் என்று கேட்டால் அவளே பதில் சொல்லிவிடுவாள்: "தெரியலைங்க, நான் போனதில்ல."

இதைவிடக் கேவலமான ஒன்று பாக்கியிருக்கிறது. குற்றாலத்தில் காரை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தாலே அருவி. எந்த முழங்காலும் போய்ச் சேரும். அது எனக்கு எப்போதும் தெரியும். எண்ணெய் தேய்த்த கூட்டமும் சோப்பு நுரையும் படத்துக்கு லாயக்கில்லை என்று அந்தப் பக்கமே நான் வண்டியைத் திருப்பவில்லை.

இந்த ஆடியில் அவள் தங்கை, தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு குற்றாலத்துக்கு வேன் பேசினாள். நானும் வருகிறேன், கேமரா கொண்டு வரமாட்டேன் என்றேன். மனைவி தலை வாரிக்கொண்டே சொன்னாள்:

"பொம்பளைங்க வேனுங்க அது. சீட்டும் இல்ல. ஃப்ரிட்ஜ்ல தோசை மாவு இருக்கு, புளிக்கிறதுக்குள்ள ஊத்திச் சாப்பிட்டுடுங்க."

அவள் குரலில் கோபமே இல்லை.

வேன் கிளம்பிய மறுநாள் பகலில் போன் வந்தது. முதலில் இரைச்சல் மட்டும்தான். அதற்குள்ளிருந்து பெண்களின் கூச்சல், பிறகு மூச்சு வாங்க அவள் குரல்.

"கேக்குதாங்க? தலையில அடிக்குதுங்க! யாரோ கையால மொத்துற மாதிரி!"

"பார்த்து நில்லு. கம்பியைப் பிடிச்சுக்க" என்றேன்.

"என்னது? ஒண்ணும் கேக்கல. இருங்க, இன்னொரு தடவ போயிட்டு வந்துடுறேன். ஏய், இந்தப் போனப் பிடிடி!"

தங்கை போனை அணைக்காமலே பையில் போட்டிருக்கவேண்டும். பிளாஸ்டிக் உரசும் சத்தம் வந்தது. அதற்கு அப்பால் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. எத்தனையோ அருவிகளின் முன்னால் நின்றிருக்கிறேன். வெளிச்சத்தைத்தான் கவனித்திருக்கிறேன், காது கொடுத்து ஒன்றையும் கேட்டதில்லை. அந்த இரைச்சலுக்குள் அவள் சிரிப்பு எது என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. போனை வைக்கவும் முடியவில்லை.